அன்புக்கரசி திறந்த கண்கள்

விருத்தாசலத்துப் பீங்கான் பேட்டையில் ஒரு பொம்மை உருவாக எத்தனை பேருடைய கை வேண்டுமோ, அத்தனை பேரும் வேலையை முடித்துக்கொண்டு ஒதுங்கிய பிறகு, கடைசியாக அதைத் தூக்குகிறவள் அன்புக்கரசி. மண் கரைசலை அச்சில் ஊற்றுவது ஒருவர். அச்சைப் பிரித்து, ஓரம் சீவி, ஈரத்துணியால் வழிப்பது இன்னொருவர். சூளையில் அடுக்கி எடுப்பது அவளுடைய கணவன் பாவாடை. வெந்து வந்த பொம்மைக்குப் புடவையும் நகையும் உதட்டுச் சிவப்பும் பூசுவது தனக்கோடி. இவ்வளவும் ஆன பிறகும் முகம் மட்டும் வெறுமையாக நிற்கும். அந்த முகத்துக்குக் கண் திறப்பதுதான் அன்புக்கரசியின் வேலை.

அந்த வேலைக்கு அவர்கள் பட்டறையில் சில கட்டுப்பாடுகள் உண்டு. யார் ஏற்படுத்தியவை என்று தெரியாது. மீறிப் பார்க்கும் துணிச்சலும் யாருக்கும் வந்ததில்லை. வலக்கண்ணை முதலில் திறக்க வேண்டும், அடுத்து இடக்கண். இரண்டும் முடியும் வரை மூச்சு விடக் கூடாது. சாயங்காலம் பட்டறையைப் பூட்டும்போது, கண் திறக்காத பொம்மைகளின் முகத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட வேண்டும். கண் இல்லாத முகம் தனக்கு ஒரு கண்ணைத் தேடும் என்பார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, திறந்த கண்ணை அழிக்கக் கூடாது. கோணலாகப் போனாலும் துடைத்துவிட்டு மறுபடி போடுகிற பேச்சே கிடையாது. அந்தப் பொம்மையை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே தட்டி உடைத்துவிடுவார்கள். வெளியில் வைத்து உடைத்தால் அது பார்த்துக்கொண்டே உடையுமாம்.

முதலாளி சக்கரபாணி இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார். ஆனால் பட்டறையைப் பூட்டுகிற நேரத்தில், திருப்பி வைக்க மறந்த பொம்மை ஒன்று கண்ணில் பட்டால் அவர் கையே சும்மா இருக்காது.

அன்புக்கரசி கம்மாபுரம் பக்கத்துப் பெண். கல்யாணமாகி விருத்தாசலத்துக்கு வந்தவளுக்கு முதல் இரண்டு பிரசவமும் சூன்யமாகப் போயின. ஒன்று ஆண், ஒன்று பெண். முழு உருவமாய், விரல் நகம் வரைக்கும் முழுசாய்ப் பிறந்த குழந்தைகள். கண்தான் திறக்கவில்லை. அந்த இரண்டு முகத்தைப் பற்றியும் அவள் யாரிடமும் பேசியதில்லை. மூன்றாவதாகப் பிறந்தவளும் அழாமல், இமை ஒட்டிக்கொண்டுதான் வந்தாள். நர்சு தலைகீழாகப் பிடித்துத் தட்டிக்கொண்டே இருக்க, தாய்க்கு உயிர் தொண்டைக்கு வந்து நின்ற நேரத்தில், குழந்தை வலக்கண்ணைத் திறந்தது. பிறகு இடக்கண். தென்றல் என்று பெயர் வைத்தார்கள்.

பட்டறையில் கண் திறக்கும் வேலைக்கு ஆள் தேடியபோது அன்புக்கரசி தானாகவே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டதற்குக் காரணம் இதுதான் என்று தனக்கோடி சொல்வாள். அன்புக்கரசி எந்தக் காரணமும் சொன்னதில்லை.

அந்தத் தென்றலுக்கு இப்போது பதினாறு வயது. பதினொன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடக் கபடிக் குழுவில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது என்று பெயர் வாங்கியவள், கொஞ்ச நாளாக வலது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் கையை வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். பகலில் பொறுத்துக்கொள்வாள். இருட்டிவிட்டால் தாங்க முடியாது. ஒரு வலி மாத்திரை போட்டால் அடங்கும், மறுநாள் மறுபடி வரும்.

"உள்ள யாரோ உக்காந்துகினு தட்டுறாங்கம்மா," என்றாள் ஒருநாள். "கதவ தொற தொறன்னு தட்டுற மாதிரி."

 பக்கத்தில் சோறு தின்றுகொண்டிருந்த பாவாடை எழுந்து வந்து மகளின் காலை மடியில் வைத்துக்கொண்டான். சூளையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு சாமானையும் விரலால் தட்டிக் காதில் வைத்துப் பார்ப்பது அவன் பழக்கம். கணீரென்றால் நல்லது. மொத்தென்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே ஓடுகிறதென்று அர்த்தம். யோசனையில்லாமல் அவன் விரல் மகளின் கால் எலும்பைத் தட்டிவிட்டது.

"யப்பா! நான் என்ன ஒன் பொம்மையா?" என்று தென்றல் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கையை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

உள்ளூரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வளர்கிற வலி என்றார்கள். வலி வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் புதுச்சேரியில் எலும்பு டாக்டர் நந்தகுமாரிடம் கூட்டிப் போனார்கள். ஐம்பது வயதுக்காரர். நிதானமாகப் பேசுகிறவர்.

"பெரும்பாலும் இது எலும்புல வர்ற ஒரு சின்னக் கட்டிம்மா. கேன்சர் இல்ல. ராத்திரி வலி வர்றது, மாத்திரைக்கு அடங்கறது எல்லாம் அதோட கொணந்தான். மயக்கம் குடுத்து, ஊசியை உள்ள வுட்டு, சூடு வெச்சு எரிச்சுட்டா வலி போயிடும். ஆனா எக்ஸ்ரேல எனக்குத் தெளிவா தெரியல. எலும்பு ஸ்கேன் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. உடம்பு முழுக்கப் பாத்துடலாம். ஒரே ஒரு இடத்துலதான் இருக்குதா, வேற எங்கயாவது இருக்குதான்னு தெரிஞ்சுடும்."

"வேற எங்கயாவது இருந்தா?" என்று கேட்டாள் அன்புக்கரசி.

டாக்டர் பேனாவை மூடினார். "அப்ப வேற மாதிரி யோசிக்கணும்மா. இப்பவே அத ஏன் பேசணும்?"

ஒரே இடமா, பல இடமா. அந்த ஒரு கேள்விதான் அவள் மகளின் உயிர். அதைச் சுமந்துகொண்டு அவள் மகளோடு புதுச்சேரியிலேயே இருந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாள்.

அங்கே ஊசி போட்ட பெண்ணுக்கு ஜெயஸ்ரீ என்று பெயர். சிரித்த முகம். ஆனால் அவள் கொண்டுவந்த ஊசி கனத்த உலோக உறைக்குள் இருந்தது. அந்த உறையும் ஒரு கனத்த பெட்டிக்குள் இருந்தது. ஒரு சொட்டு மருந்தை இப்படிச் சிறை வைத்துக் கொண்டுவருவதை அன்புக்கரசி பார்த்ததில்லை. சிறை வைக்க வேண்டிய ஒன்று மகளின் நரம்புக்குள் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது.

"கொஞ்சூண்டு கதிர்வீச்சு மருந்தும்மா, பயப்படாதீங்க. எலும்புல போயி ஒட்டிக்கும், அப்பறம் மூத்திரத்துல போயிடும். தண்ணி நெறைய குடிக்கட்டும். எலும்புல சேர ரெண்டு மூணு மணி நேரம் ஆவும், வெளிய உக்காருங்க. நாளைக்கு வரைக்கும் கைக்குழந்த, மாசமா இருக்கறவங்க பக்கத்துல மட்டும் இவ போவ வேணாம். ஆமா, நீங்க மாசமா இருக்கீங்களா?"

"அடச்சீ, போம்மா!" என்று அன்புக்கரசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ள, தென்றல் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு அந்த வீட்டார் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஸ்கேன் அறை குளிர்ந்து கிடந்தது. தென்றல் மெத்தைப் பலகையில் மல்லாந்து படுத்தாள். அகலமான தட்டு ஒன்று அவள் முகத்துக்கு மேலே, மூக்கைத் தொட்டுவிடும்போல இறங்கி நின்றது. அசையக் கூடாது என்றார்கள். விளக்கு எரியவில்லை. சத்தமும் இல்லை. பலகை மட்டும் நகர்கிறதா இல்லையா என்று தெரியாத வேகத்தில் நகர்ந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஜெயஸ்ரீயின் அருகே உட்கார்ந்திருந்த அன்புக்கரசிக்குப் பொறுக்கவில்லை. "என்னாம்மா, மெஷினு ஒண்ணுமே பண்ணலியே? லைட்டுகூட எரியல."

"இது எதையும் உள்ள அனுப்பாதும்மா. ஒங்க பொண்ணுகிட்டேருந்து வர்றத புடிக்குது, அவ்ளோதான்."

"எம்பொண்ணுகிட்டேருந்து என்னா வருது?"

"அவ எலும்புலேருந்து ஒரு மாதிரி வெளிச்சம் வருதுன்னு வெச்சுக்கங்களேன். நம்ம கண்ணுக்குத் தெரியாது. இதுக்குத் தெரியும்."

அன்புக்கரசி திரையைப் பார்த்தாள். வெள்ளையாய்க் கிடந்த திரையில் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் வந்து கூடிக்கொண்டிருந்தன. முதலில் மண்டை. பிறகு தோள். விலா எலும்புகள் ஒவ்வொன்றாக. உயிரோடு அங்கே மூச்சுவிட்டுப் படுத்திருக்கிற பிள்ளை, இங்கே சதையை உரித்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துகொண்டிருந்தாள். முழங்கால்கள் வந்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு முட்டியும் கரேலென்று இருந்தன. கணுக்கால்களும் அப்படியே.

"ஐயோ! இத்தனை எடத்துலயா?"

"இல்லம்மா, இல்லம்மா. வளர்ற புள்ளைங்களுக்கு எல்லாருக்கும் இப்படித்தான். எங்க எலும்பு வளருதோ அங்க மருந்து ஜாஸ்தி சேரும். இவ இன்னும் வளர்றா, அதான்." ஜெயஸ்ரீ அவள் தோளைத் தட்டினாள். "மத்தத டாக்டரு சொல்லுவாரு. நான் சொல்லக் கூடாது."

அவள் சொல்லாவிட்டாலும் அன்புக்கரசிக்குத் தெரிந்தது. வலது காலில், முட்டிக்குக் கீழே, ஒரு கறுப்புப் பொட்டு தனியாக இருந்தது. ஆனால் அவள் பார்வை அதில் நிற்கவில்லை. மேலே போய், முகத்தில் நின்றது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெளிறிய பள்ளங்கள். முகம் அவளுடைய மகளின் முகம்தான். அந்தத் தாடையை அவளுக்குத் தெரியாதா? கண்தான் திறக்கவில்லை. இதே முகத்தை அவள் இதற்கு முன்னால் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள்.

சாயங்காலம் படத்தைப் பெரிய கவரில் போட்டுக் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டு நேராக டாக்டருக்குப் போய்விடும் என்றார்கள். விருத்தாசலம் பஸ்ஸில் கூட்டம். வடலூரில் ஏறிய ஒரு பெண், உட்கார இடமில்லாமல், ஜன்னலோரம் இருந்த தென்றலிடம் கைக்குழந்தையை நீட்டினாள்.

"செத்த புள்ளய புடிம்மா."

தென்றலின் கை வழக்கம்போல நீண்டது. அன்புக்கரசி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அவ புடிக்கக் கூடாதுங்க. ஒடம்பு சரியில்ல. இங்க குடுங்க, நான் வெச்சுக்கறேன். நீ அங்க போயி நில்லு தென்றலு."

"காலு வலிக்குதும்மா..."

"போன்னா போடி!"

"நல்ல தாயாரு! நொண்டுற பொண்ண எழுப்பி வுட்டுட்டு சொகுசா உக்காந்துகினு வராங்க," என்று குழந்தைக்காரி முகத்தை நொடித்தாள். பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.  மடியிலிருந்த குழந்தை அழவில்லை, சிணுங்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே கம்பியைப் பிடித்து நின்றவளையே, இமைக்காமல், விருத்தாசலம் வரும்வரை பார்த்துக்கொண்டு வந்தது.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கவர் நனைந்துவிட்டது. படம் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து, அன்புக்கரசி வீட்டுக்கு வந்ததும் அதை வெளியே எடுத்துத் துடைத்து, துணிக் கிளிப் போட்டு மேற்கு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். எடுத்து வைக்கலாம் என்று மறுநாள் கை போனது. ஏனோ எடுக்க வரவில்லை. டாக்டரைப் பார்க்க இன்னும் நாள் இருந்தது.

பகல் சாய்ந்தால் மேற்கு வெயில் படத்துக்குள் புகுந்து வரும். சிமெண்ட் தரையில் தென்றலின் எலும்பு நிழலாய் விழுந்து நீளும். விலா எலும்பெல்லாம் கதவு வரைக்கும் போகும். தென்றல் தண்ணீர் குடிக்க எழுந்து வரும்போது, அந்த நிழலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள். யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லவில்லை.

"கண்ணு எரியுதும்மா," என்றாள். தூங்கியிருந்தால்தானே! கண்ணைச் சுற்றிக் கருவளையம். கண் உள்ளே போய்க்கொண்டிருந்தது. உள்ளே, இன்னும் உள்ளே.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தனக்கோடி பார்க்க வந்தாள். வாய்த்துடுக்கு இருந்தாலும் மனசு நல்லது. ஆப்பிளும் ரொட்டியும் கொண்டுவந்தவள், ஜன்னலைப் பார்த்ததும் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன்டி அன்பு, இன்னாடி இது? பட்டறையில மண்ணு பொம்மைக்கே மொகத்த சொவத்துப் பக்கம் திருப்பி வெக்கிற. வூட்ல பெத்த பொண்ணு மொகத்த கண்ணில்லாம தொங்க வுட்டுருக்க?"

"போக்கா, அது ஸ்கேன் படம்."

"படமோ, பாவையோ. மொகம் மொகந்தான்டி." சொல்லிவிட்டு அவளே பயந்தவளாய், "நான் சும்மா வெளையாட்டுக்கு சொன்னேன். மனசுல வெச்சுக்காத, போயிட்டு வரேன்," என்று டீகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் சொல்லிவிட்டாளே! கண் இல்லாத முகம் கண்ணைத் தேடும். இந்த முகம் வேறு யார் கண்ணைத் தேடப் போகிறது? அதற்குப் பொருந்துகிற கண் உலகத்தில் ஒரே ஒரு ஜோடிதானே இருக்கிறது?

தென்றல் உள்ளே பாயில் அசந்து கிடந்தாள். பாவாடை சூளைக்குப் போயிருந்தான். அன்புக்கரசி அலமாரியிலிருந்து அணில்முடி பிரஷ்ஷை எடுத்தாள். கறுப்புச் சாயத்தைத் துளி குழைத்தாள். படத்தின் முன்னால் முழங்காலிட்டாள். மூச்சை அடக்கினாள்.

வலது. இடது.

அவள் கை அதற்கு முன்னால் ஆயிரக்கணக்கான கண் திறந்திருக்கிறது. ஒருதரம்கூட இப்படி நடந்ததில்லை. பிரஷ் தானாகப் போய், தானாக நின்றது. அந்தப் புள்ளிகள் ஏற்கெனவே அங்கே இருந்ததைப் போலவும், தான் மேலே கறுப்பு மட்டும் வைத்ததைப் போலவும் அவளுக்குத் தோன்றியது. தரையில் விழுந்த நிழல் முகத்திலும் இரண்டு புள்ளி. அது அவளைப் பார்த்தது.

"ம்மா..." உள்ளேயிருந்து தென்றலின் குரல், தூக்கக் கலக்கத்தில். "யாரும்மா என்னையே பாக்குறது?"

"யாரும் இல்ல சாமி. நாந்தான். தூங்கு."

கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அன்றிலிருந்து தென்றல் தூங்கினாள். கண் எரிச்சல் நின்றது. மாத்திரையின் வேலையாக இருக்கலாம், அலுப்பாக இருக்கலாம். தாய் மனசுக்கு அதெல்லாம் எதற்கு? திறந்தேன், என் பிள்ளைக்குக் கண் நிலைத்தது என்று அவள் நம்பினாள். படத்தைப் புதுக் கவரில் போட்டு மூடினாள்.

டாக்டர் அறையில் விளக்குப் பலகையில் படத்தை மாட்டினார்கள். பின்னாலிருந்து வெளிச்சம் பரவியதும் எலும்பெல்லாம் விழித்துக்கொண்டது. டாக்டர் நந்தகுமார் முதலில் காலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நான் சொன்னேன் பாத்தீங்களா? ரிப்போர்ட்டும் வந்துடுச்சு. கால்ல ஒரே எடம்தான்னு எழுதியிருக்காங்க. நாளைக்குக் காலைலயே இவள சேத்து..."

பேச்சு நின்றது. அவர் நாற்காலியை இழுத்துப் படத்துக்குக் கிட்டே போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். ரிப்போர்ட்டைப் புரட்டினார், படத்தைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"ஏம்மா, கண்ணுல ஏதாவது தொந்தரவு இருக்கா ஒனக்கு? தலைவலி? எதையாவது பாத்தா ரெண்டா தெரியுதா?"

"நடுவுல கண்ணு எரிச்சலா இருந்துச்சு சார்," என்றாள் தென்றல்.

டாக்டரின் முகம் மாறியதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"என்னா சார்?" என்றான் பாவாடை.

"ரிப்போர்ட்டுல எழுதல. ஆனா படத்துல தெளிவா இருக்கு. ரெண்டு கண்ணுக்குழியிலயும் ஒவ்வொரு புள்ளி. பாத்தவரு எப்படி விட்டாருன்னு புரியல." அவர் குரல் தணிந்தது. "கால் வேலையை இப்ப நிறுத்தி வெக்கறேன். இது வேற எடத்துலயும் இருக்குதுன்னா, மொதல்ல அது என்னன்னு பாக்கணும். நீங்க கொஞ்சம் தைரியமா இருக்கணும்."

 அன்புக்கரசி சொல்ல வேண்டியதெல்லாம் ஒரே வாக்கியம். அதைச் சொல்ல விடாமல் இன்னொரு நினைப்பு அவளைத் தடுத்தது. பிரஷ் தானாகப் போய் நின்றதே! ஏற்கெனவே இருந்ததன் மேல்தான் நான் கறுப்பு வைத்தேனோ?

பாவாடை நின்றபடியே சுவரில் சரிந்து, தரையில் உட்கார்ந்தான். சூளை அனலில் வெந்த அந்த மனிதன், ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து, "என் சாமி, என் தாயே," என்று தலையில் அடித்துக்கொண்டான். அதைப் பார்த்ததும் அவள் வாய் திறந்துகொண்டது.

"அது... அது நாந்தாங்க வெச்சேன்."

"எது?"

"அந்தக் கண்ணு. நான் பொம்மைக்குக் கண்ணு தொறக்கறவங்க. எம்பொண்ணு மொகம் கண்ணில்லாம கெடந்துச்சு. மனசு தாங்கல."

 டாக்டர் நகத்தால் படத்தைத் தடவினார். நகத்தில் மேடு தட்டியது. கோபத்தில் அவர் காது சிவந்தது. "வெளையாட்டாம்மா இது? ஒரு புள்ளையோட உயிரும்மா!" என்று மேசையைத் தட்டினார். நர்சு எட்டிப் பார்த்தாள். அவர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

"சரி. இதுக்கு அடியில என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியணும். சென்டருல இன்னிக்கு லீவு, வேற படம் வாங்க முடியாது. நாளைக்கு விட்டா அடுத்த தேதி எப்ப கெடைக்குமோ. இந்தாங்க ஸ்பிரிட்டு. தொடைச்சுடுங்க."

ஈரப் பஞ்சு அவள் உள்ளங்கையில் சில்லிட்டது.

"கூடாதுங்க."

"என்ன கூடாது?"

"தொறந்த கண்ண அழிக்கக் கூடாதுங்க. மண்ணு பொம்மைக்கே நாங்க செய்ய மாட்டோம். இது எம்பொண்ணு."

"ஒங்க பொண்ணு இதோ நிக்கிறா. அது படம்மா!"

அவளுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன? கையை நீட்டினாள்.  படத்தின் கண்கள் அவளைப் பார்த்தன. அவள் திறந்த கண்கள். கையை மடக்கிக்கொண்டாள். "நீங்களாவது..." என்று கணவனைப் பார்த்தாள். பாவாடை எழுந்தான். பஞ்சை வாங்கினான். ஓரடி வைத்தான். அவனும் அந்தப் பட்டறைக்காரன்தானே! பஞ்சை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

அந்தப் பஞ்சை எடுத்தவள் தென்றல்.

"வேணாம்டி!" என்று கத்தினாள் தாய்.

"ம்மா. அத பாக்காத. என்னப் பாரு." நொண்டிக்கொண்டே வந்து விளக்குப் பலகைக்கு முதுகைக் காட்டி, தாய்க்கு நேரே நின்றாள். கருவளையம் சூழ்ந்த இரண்டு கண்ணையும் அகல விரித்துக்கொண்டாள். "எங்கண்ணு இங்க இருக்குது. பாரு. மூடவே மாட்டேன், பாத்துகினே இரு."

கையைப் பின்னால் கொண்டுபோய், பார்க்காமலே, தடவித் தடவி, படத்திலிருந்த தன் முகத்தைத் தானே துடைத்தாள். கண்ணில் நீர் கோத்தது. இமைக்கவில்லை. அன்புக்கரசியும் இமைக்கவில்லை. பஞ்சு படத்தில் உரசும் சத்தம் மட்டும் அந்த அறையில் கேட்டது.

டாக்டர் குனிந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அந்த நேரத்துக்குள் பாவாடை எத்தனை சாமியை வேண்டிக்கொண்டானோ.

"ஒண்ணும் இல்ல," என்றார் கடைசியில். "சுத்தமா இருக்கு. ஒரே எடம்தான்."

பாவாடை ஓவென்று அழுதான். தென்றல் அப்போதுதான் இமைத்தாள். பொலபொலவென்று நீர் உதிர்ந்தது. அன்புக்கரசி மட்டும் விளக்குப் பலகையைத் திரும்பிப் பார்த்துவிட்டாள். இரண்டு பள்ளங்களும் முன்னைவிட ஆழமாய், வெறுமையாய், அவள் பக்கம் திரும்பியிருந்தன.

மறுநாள் காலை தென்றலை உள்ளே கொண்டுபோனார்கள். மயக்கம் கொடுத்து ஒரு ஊசியை எலும்புக்குள் இறக்கி, அந்தப் பொட்டை மட்டும் சுட்டுவிடுவார்கள். சூடு பாவாடைக்குத் தெரிந்த விஷயம். "அளவா இருந்தா ஒண்ணும் ஆவாது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வராந்தாவில் நடந்தான். அன்புக்கரசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். படத்தைக் கவரோடு பக்கத்தில் சாத்தியிருந்தாள், முகம் சுவர்ப்பக்கமாக. அழித்தாயிற்று. கண்ணில்லாத முகம் இப்போது என்ன தேடும்? கதவுக்கு அந்தப்புறம் அவள் பிள்ளை கண்ணை மூடிக் கிடக்கிறாள், யாரும் காவல் இல்லாமல். முந்தானையின் நுனியைச் சுருட்டிச் சுருட்டிக் கயிறாக்கிவிட்டாள்.

கதவு திறந்தது. தள்ளுவண்டியில் தென்றல் வந்தாள். வெளிறிய முகம், ஒட்டிய இமை.

"எல்லாம் நல்லபடியா ஆச்சு. செத்த நேரத்துல முழிச்சுக்குவா," என்றாள் நர்சு.

செத்த நேரம் ஆயிற்று. முழிக்கவில்லை. பாவாடை கூப்பிட்டுப் பார்த்தான். நர்சு கன்னத்தில் தட்டிப் பார்த்தாள். இமை அசையவில்லை. அன்புக்கரசி கட்டிலின் தலைமாட்டில் குனிந்து நின்றாள். அவளுடைய வலது கை, தனக்கே தெரியாமல், பிரஷ் பிடிக்கிற மாதிரி குவிந்திருந்தது. இந்த ஒரு முகத்துக்கு மட்டும் அவளால் திறக்க முடியாது. மூச்சை அடக்கிக்கொண்டு வலக்கண்ணையே பார்த்தாள். பிறந்தபோது அதுதானே முதலில் திறந்தது.

இடது இமை துடித்தது.

திறந்தது இடக்கண். முறை தப்பி, இடக்கண் மட்டும், பாதியாய், ஈரமாய்த் திறந்து, மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தது. மெதுவாக இறங்கி, குனிந்திருந்த தாயின் முகத்தில் வந்து நின்றது. வலக்கண் மூடியே இருந்தது.  யாருடைய கண் இது? யார் பார்க்கிறார்கள் என்னை?

அப்புறம் வலது இமையும் சோம்பலாக மேலே போனது. உலர்ந்த உதடு பிரிந்தது.

"ம்மா," என்றாள் தென்றல். "தட்டுறது நின்னுடுச்சும்மா."

அன்புக்கரசி அசையவில்லை.

"எதுக்கு இப்படி நிக்கிற? மூச்சு வுடும்மா."